மண்சரிவுக்கு எட்டு வரி

1.

"உனக்குக் கையெழுத்து நல்லா இருக்குமா?"

இந்தக் கதை யோகேஸ்வரன் கேட்ட அந்தக் கேள்வியில் பிறந்தது. எழுத வருமா என்று அவன் கேட்கவில்லை; அதை வாசகர் குறித்துக்கொள்ள வேண்டும்.

கேட்கப்பட்டவள் டிக்கோயாவில் அவனுடைய ஸ்டூடியோவில் அல்பங்களுக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், யாரிடமும் நிமிர்ந்து பேசாதவள். அல்பத்துக்கு அடியில் ஒரு கொப்பியை ஒளித்துவைத்து எழுதுவாள். இதையும் அவள்தான் எழுதுகிறாள். பெயர் வேண்டுமென்றால் தனுஷிகா. முதலில் "நான்" என்றுதான் தொடங்கினாள். மூன்றாவது வரியிலேயே வெட்கம் வந்து "அவள்" ஆக்கிக்கொண்டாள்.

2.

மலைகளின்மேல் பனி வெண்போர்வையாய்ப் படர்ந்திருந்த அந்தக் காலைப்

(அடித்துவிட்டாள். பனி இருந்தது உண்மை. அதைப் போர்வை என்கிறவர்கள் தோட்டத்து லய வீட்டுத் தகரத்தின் கீழ் ஒரு நாளும் படுத்ததில்லை.)

யோகேஸ்வரன் கல்யாணம், சடங்கு, சாவு மூன்றுக்கும் வீடியோ எடுப்பவன். கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றுக்கு மலையகச் செய்தியும் எடுத்தான். சம்பளக்காரன் இல்லை, செய்தி போனால் செய்தியாளன், போகாவிட்டால் கல்யாண வீடியோக்காரன். அது இரண்டாயிரத்து இரண்டு. வடக்கில் சண்டை ஓய்ந்து செய்தி குறைந்துபோனதால் கொழும்புக்கு மலைநாடு ஞாபகம் வந்திருந்தது. ஞாபகத்துக்கும் ஒரு அளவு உண்டு. செத்தவர் மூன்று பேருக்குக் குறைந்தால் வேண்டாம். சிறுத்தை செத்தால் ஒன்றே போதும்.

அவசரச் செய்தி போகும் விதம் இது: கசெட்டை உறையில் போட்டு ஹட்டனில் கொழும்பு பஸ் கண்டக்டரிடம் கொடுப்பான். கினிகத்தேனையில் டிரைவர் ரொட்டி சாப்பிட இறங்கினால் அவசரமும் கூடவே இறங்கி நிற்கும். செய்தி போனபின் அதே கசெட் இன்னொரு பஸ்ஸில் திரும்பி வரும், அடுத்த வேலைக்கு. உறைக்குள் ஒரு தாளும் போக வேண்டும். எங்கே, எப்போது, எத்தனை பேர்; எட்டு வரி, தெளிவான கையெழுத்தில்.

3.

நவம்பரில் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் (பெயரை எழுதினால் இது கதை இல்லை, வழக்கு) லயத்தின் பின்னால் இருந்த மலை இறங்கிவந்து இரண்டு காம்பரா வீடுகளை மூடியது. மூன்று பேர். கொழும்பின் அளவுக்குக் கச்சிதம்.

இந்த இடத்தில் யோகேஸ்வரனைக் கெட்டவனாக்கினால் கதை சுலபமாக ஓடும். அப்படித்தான் எழுதினாள். பிறகு ஒன்று இடித்தது: அவன் போனதும் கெமராவைக் கல்லில் வைத்துவிட்டு அரைமணி நேரம் வெறுங்கையால் மண் அள்ளினான். நகம் பிய்ந்து வந்தான். அந்த அரைமணி நேரம் கசெட்டில் இல்லை, அதை எடுக்க ஆள் இல்லாததால்.

கசெட்டில் இருந்தது பேச்சியம்மா. அவள் புருஷன் வீரய்யா அந்த மூவரில் ஒருவர். சேறு காயாத சேலையோடு கெமராவைப் பார்த்துச் சொன்னாள்: "மண்ணு வெடிச்சிருக்குனு மூணு தடவ சொன்னோங்க. மழ விடட்டும், பாப்போம்னாரு தொரை." பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை பழனியாண்டி, பதற்றத்தில், தோட்டத்தை நடத்தும் தொரை தன் மேலிடம் என்பதையும் மறந்து, "ஆமா, நான்தான் தொரைகிட்ட போய்ச் சொன்னேன்" என்றார்.

தாள் எழுதுவதற்காகத் தனுஷிகா அதைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பேர் சொன்னதையும் சொல் மாறாமல் தன் கொப்பியில் எழுதிக்கொண்டாள். தாளில் எழுதப் போனபோது யோகேஸ்வரன் தடுத்தான்.

"தொரைய இழுத்தா கொழும்புல முழுசையும் தூக்கிப்போட்டுருவானுங்க, புள்ள. இயற்கையின் சீற்றம்னு போடு."

போட்டாள். அன்றைய செய்தியில் பேச்சியம்மாவின் வாய் பதினொரு விநாடி அசைந்தது. அதன்மேல் ஒரு கொழும்புக் குரல் எட்டு வரியை வாசித்தது. தனுஷிகாவின் எழுத்து நாடு முழுவதும் கேட்டது அன்றைக்குத்தான். பெருமையாகத்தான் இருந்தது. (இந்த வரியை மூன்று தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறாள்.)

4.

மூன்று வாரம் கழித்துப் பேச்சியம்மா இரண்டு பஸ் மாறி ஸ்டூடியோவுக்கு வந்தாள். மறுநாள் விசாரணை. மண் வெடித்ததைப் பற்றி முன்கூட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை என்று தோட்டம் எழுதிக் கொடுத்திருந்தது. கணக்கப்பிள்ளையும் கையெழுத்து வைத்திருந்தார். மண் இறுகிவிட்டதாம், மிச்சமிருந்த பதினொரு குடும்பமும் அதே லயத்துக்குத் திரும்பிப் போக வேண்டுமாம்.

"அந்தக் கசெட்டக் குடுங்க தம்பி. கணக்கப்பிள்ள வாயால சொன்னது அதுல இருக்கு. எம் புள்ளைங்களும் அதே காம்பராலதான் படுக்கணும்."

முடிவுகள் பல கைவசம் உண்டு.

கசெட்டை விசாரணையில் போட்டுக் காட்டுகிறார்கள், கணக்கப்பிள்ளை தலைகுனிகிறார், தொரை மன்னிப்புக் கேட்கிறார். (எழுதியவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

அல்லது, தனுஷிகா விசாரணைக்குப் போய்க் கொப்பியைத் திறந்து கணீரென்று வாசிக்கிறாள். அதிகாரி எழுந்து (அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவளின் கொப்பியில் முத்திரையும் இல்லை.)

5.

நடந்தது இது. யோகேஸ்வரன் பேச்சியம்மாவை உட்காரச் சொன்னான். கசெட்டைத் தேடினான், தேவைக்கு மேல் நேரமெடுத்துத் தேடினான். போட்டான். திரையில் யாரோ ஒரு பெண்பிள்ளைக்கு மஞ்சள்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து திரும்பிவந்த கசெட்டை அடுத்த கிழமையே ஒரு சடங்கு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான்.

"கொஞ்சம் பொறுங்கக்கா, கடைசில மிச்சமிருக்கும்" என்றான். வேகமாக ஓட்டவும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. தாம்பாளங்கள் வந்தன, மாமன்கள் வந்தார்கள், எல்லோரும் சாப்பிட்டார்கள். பேச்சியம்மா இமைக்காமல் பார்த்தாள். சடங்கு முடிந்து திரை நீலமாகி, கோடு கோடாக ஓடி, அவளே வந்தாள். பக்கத்தில் கணக்கப்பிள்ளையின் தோள் மட்டும் தெரிந்தது. திரையில் இருந்தவள் கேட்டாள்:

"அவ்வளவுதாங்க தம்பி. எல்லாம் புடிச்சிக்கிட்டீங்கள்ல?"

கசெட் நின்றது.

கொப்பி தனுஷிகாவின் மடியில்தான் இருந்தது. இந்த இடத்தில் அவள் வாய் திறக்க வேண்டும். நான்கு விதமாக எழுதிப் பார்த்தாள்; நான்கிலும் பேசுகிறாள், நன்றாகவே பேசுகிறாள். அன்றைக்குப் பேசவில்லை. உங்களுக்குப் பேச வருமென்றால் நீங்கள் பேசலாம், இடம் விட்டிருக்கிறாள்:

( )

பேச்சியம்மா எழுந்தாள். யோகேஸ்வரன் நீட்டிய பிளேன்டிக் கோப்பையை வாங்கி, குடிக்காமல் மேசையில் வைத்தாள். வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் இறங்கிப் போனாள்.