ரைட்டர் ஒருத்தன்தானா?

குப்பனூர் வழியாகச் சுற்றி வந்த பஸ் நிற்பதற்குள் சலீமா குதித்துவிட்டாள். கையில் சுருட்டிய எக்ஸ்ரே படம். மஞ்சக்குட்டைச் சரிவில் தலைதெறிக்க ஓடினாள். அம்மாவுக்கு முடியவில்லை என்ற தந்தி பெங்களூர் ஆய்வகத்துக்கு வந்த அதே காலையில்தான், மூன்று வருடமாகப் போக்குக் காட்டிய பதிலும் இருட்டறையில் படமாகத் தெரிந்தது. அம்மா கண் மூடுவதற்குள் அதை அவள் காதில் போட்டுவிட வேண்டும். சாகக் கிடக்கிற தாயைப் பார்க்கப் போகிறவளின் நெஞ்சு இப்படித் துள்ளலாமா என்று நடுவில் வெட்கமும் வந்தது. ஆனாலும் துள்ளத்தான் செய்தது.

அம்மா ரஹமத் பீவியின் மாடுகள் மொத்தமும் ஒரு கோடையில் வெக்கை நோய் வந்து செத்தவை. அந்த நோயின் வைரஸைத்தான் மகள் ஆராய்கிறாள் என்று தெரிந்ததும் துருவித் துருவிக் கேட்க ஆரம்பித்தாள். வைரஸ் என்பது ஓர் ஆர்என்ஏ சுருள். அதைப் படியெடுக்க ஒரு நொதியையும் கூடவே கொண்டுவரும் என்றாள் சலீமா. எஸ்டேட் பக்கத்தில் எழுதுகிறவர் என்றால் கணக்கெழுதும் ரைட்டர்தான், வேறு யார்? நொதிக்கு ரைட்டர் என்று அம்மா பெயர் வைத்துவிட்டாள். ரைட்டர் முதலில் சுருளின்மேல் நின்று நின்று துண்டுச் சீட்டுகள் எழுதுகிறார். ஒவ்வொரு சீட்டும் ஒரு புரதம் செய்வதற்கான உத்தரவு. பிறகு திடீரென்று எங்கும் நிற்காமல் முழுச் சுருளையும் படியெடுக்கிறார். அப்படித்தான் ஒரு வைரஸ் ஆயிரமாகிறது. அவர் ஏன் மாறுகிறார்? மாறவில்லை, ரெண்டாவதாக ஒரு ரைட்டர் வந்திருப்பான் என்பது அம்மாவின் கட்சி. ஒரே ஆள்தான் என்பது மகளின் கட்சி. லீவுக்கு வரும்போதெல்லாம் சோறு ஆறிப்போகும்வரை சண்டை நடக்கும்.

வாசலில் பஷீர் மாமா படத்தை வாங்கி வெயிலில் பிடித்தார்.

"நெஞ்செலும்பு ஒண்ணையும் காணோமே கண்ணு."

"அது அம்மாவோட எக்ஸ்ரே இல்லீங்க மாமா. வைரஸோடது."

அவர் அதற்கும் சேர்த்துக் கலங்கினார்.

உள்ளே பெரியம்மா, அம்மாவின் அக்கா, ஸ்பூனில் தண்ணீர் விட்டபடி, இறைவன் ஒருவனே என்னும் கலிமாவைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போகிறவரின் கடைசி வார்த்தை கலிமாவாக இருக்க வேண்டும். அதற்குப்பின் வேறு ஏதாவது பேசிவிட்டால் மறுபடியும் சொல்ல வைக்க வேண்டும். அம்மா அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். மகளைப் பார்த்தாள்.

"பதில் வந்துச்சா?"

"போச்சு," என்றாள் பெரியம்மா. "மறுபடியும் மொதல்ல இருந்து."

சலீமா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள்.

"வந்துருச்சும்மா. இந்தப் பக்கம் வெறும் ரைட்டரு. எல்லாம் சின்னக் கோடு, துண்டுச் சீட்டு. இந்தப் பக்கம் அதே ரைட்டரோட ஒரே ஒரு புரதத்தைச் சேர்த்தேன், சீட்டுப் பார்த்துச் செஞ்ச புரதந்தான். மேல பாரு, நொம்பப் பெரிய கோடு. முழுச் சுருளு."

"அது என்ன பண்ணுது?"

"எழுத எழுதப் போர்வையாட்டம் புதுச் சுருளைச் சுத்திக்குது. போர்வை நெறையச் சேர்ந்துட்டா ரைட்டரு எங்கயும் நிக்கறதில்லை."

"ரஹமத்து, கலிமா," என்றாள் பெரியம்மா. அம்மா அடக்கமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "போர்வை பத்தலைன்னா?" என்றாள்.

"மறுபடியும் சீட்டுத்தாம்மா."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்கு மூச்சுப் போயிரும்," என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா சிரித்தாள். சிரித்ததில் மூச்சு இளைத்தது. திரும்பச் சேர வெகுநேரம் பிடித்தது. சலீமாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

"அப்ப... ரைட்டரு ஒருத்தன்தானா?"

சலீமா வாயைத் திறந்தாள். பெரியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தங்கையின் காதருகே குனிந்தாள். அம்மா இம்முறை ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகக் கலிமா சொன்னாள். கண் மட்டும் மகள்மேலேயே காத்திருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா பதிலுக்குப் பதில் பேசாமல் இருக்கமாட்டாள். அடுத்த கலிமாவுக்கு மூச்சு இருக்காது. மூன்று வருடத்துப் பதிலைப் பல்லுக்குள் அடக்கிக்கொண்டு சலீமா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்மாவின் இடது புருவம் ஏறியது. சந்தையில் மாட்டுக்காரன் சொன்ன விலையை அவள் நம்பாதபோது அப்படித்தான் ஏறும். பிறகு மூச்சு வரவில்லை.

பெரியம்மா இமைகளை மூடிவிட்டாள். நெற்றியை இரண்டு மூன்று முறை தடவிப் பார்த்தாள். புருவம் இறங்கவில்லை.

குளிப்பாட்ட வந்த பெண்களில் ஒருத்தி, "இதென்ன, இப்படி நிக்குது?" என்று விரலைக் கொண்டுபோனாள்.

"அப்படியே இருக்கட்டுமுங்க," என்றாள் சலீமா.