கறுவலுக்கு இரண்டு குளிசை

கறுவலின் வயிறு பானையாக உப்பியிருந்தது. முதுகெலும்பையோ ஒவ்வொன்றாக எண்ணலாம். வாலடியில் அரிசிமணி போல ஏதோ ஒட்டிக்கொண்டு நெளிந்தது.

"குட்டி போடப்போகுது கா," என்றாள் பக்கத்து வீட்டு அன்னப்பூரணி.

"கடுவன் பூனை எங்கால கா குட்டி போடும்? புழு," என்றாள் இரத்தினம்மா.

"பூனைக்குப் போய் ஆரும் புழுமருந்து குடுக்கிறதா? செத்தா வேற ஒண்டு வரும்."

இரத்தினம்மாவுக்குச் சுள்ளென்றது. கிரானிலிருந்து தம்பி அனுப்பிய மூன்று சாக்கு விதைநெல் வீட்டுக்குள் இருந்தது. போன வருடம் விதைநெல்லை எலி தின்று, வயல்வட்டையில் அவள் காணி பாதி தரிசாய்க் கிடந்தது. இந்த முறையும் போனால் தம்பியிடம் கேட்க முகமில்லை. வீட்டில் எலி பிடிக்க இருப்பது கறுவல் ஒருவன்தான். அவனோ இப்போது எலி மூக்கடியில் ஓடினாலும் பேசாமல் படுத்துக்கிடந்தான்.

பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கும் ஆமணக்கெண்ணெயை அவள் ஏற்கெனவே அவனுக்கும் புகட்டிப் பார்த்திருந்தாள். புழு அசையவில்லை. கறுவல்தான் இரண்டு நாள் எழும்பவில்லை. என் கையாலேயே கொல்லப் பார்த்தேனே என்று அவளுக்கு அழுகை வந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. வாவிக்கு இந்தப் பக்கம் படுவான்கரை, புலிகள் இயக்கத்தின் கையில். அந்தப் பக்கம் ஆமியின் கையில். அவள் தோணியில் துறை கடந்து காத்தான்குடிக்குப் போய், மாட்டு வைத்தியரிடம் வேலை பார்த்து ஓய்ந்து மருந்துக்கடை வைத்திருந்த முத்தலிப் காக்காவிடம் இரண்டு புழுமருந்துக் குளிசை வாங்கினாள். திரும்பும்போது துறையடிக் காவலரணில் சிப்பாய் அவற்றை எடுத்துவிட்டான்.

"மருந்து அங்கால போகாது."

"பூனைக்கு, ஐயா."

"பூனைக்கா, புலிக்கா?" என்று சிரித்தான்.

இரத்தினம்மா வாதாடவில்லை. ஆமியோடு வாய் காட்டி வென்றவர் எவர்? ஆனால் தோணி கரை தட்டுவதற்குள் அவள் முடிவெடுத்துவிட்டாள். மருந்து வராதென்றால் பூனை போகும். பூனைக்குத் தடை என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மூடிப்பெட்டிக்குள் கத்திக்கொண்டே கறுவல் வாவியைக் கடந்தான். முத்தலிப் அவன் வாயைத் திறந்து குளிசையை அடிநாக்கில் தள்ளி, விழுங்கும்வரை தொண்டையைத் தடவிவிட்டார். இரத்தினம்மா எண்ணெய் புகட்டிய கதையைச் சொன்னாள்.

"மனிசப் புள்ளைக்குச் செய்யிறதப் பூனைக்குச் செய்யாத புள்ள. எண்ணெயெல்லாம் வேணா. இண்டைக்கு வளந்த புழு சாகும். குஞ்சுகுருமான் மிச்சம் இரிக்கும். ரெண்டு கிழமையால திரும்பக் கொண்டு வா."

"ஒரு தரம் காணாதா காக்கா?"

"ஒரு தரம் குடுத்துப்போட்டு விட்டா, புழு உன்னைப் பார்த்துச் சிரிக்கும்."

பத்து நாளில் வயிறு வற்றியது. "விடு கா, சுகமாயிற்றுத்தானே," என்றாள் அன்னப்பூரணி. பதின்மூன்றாம் நாள் வாவிக்கு மேலால் ஷெல் போனது. துறையை மூடினார்கள். இரத்தினம்மா தினமும் விடிந்ததும் பெட்டியோடு துறையில் போய் உட்கார்ந்தாள். ஊர் சிரித்தது. பயம் அவளுக்கும் இருந்தது. ஆனால் எலி அரித்த சாக்கை நினைத்தால் அந்தப் பயம் சின்னதாய்ப் போனது. ஐந்தாம் நாள் துறை திறந்தபோது முதல் தோணியில் ஏறினாள்.

திரும்பும்போது அதே சிப்பாய் நின்றான்.

"மருந்து இருக்கா?"

"இரிக்கு."

அவன் முகம் இறுகியது. இரத்தினம்மா பெட்டியைத் திறந்து, கறுவலின் கழுத்தைப் பிடித்து, இரண்டு விரலால் வாயைப் பிளந்து காட்டினாள்.

"உள்ளுக்க இரிக்கு. ஏலுமெண்டா எடுங்க."

சிப்பாய் அந்தப் பற்களைப் பார்த்தான். பிறகு போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

விதைப்புக்கு மூன்று சாக்கும் ஓட்டையில்லாமல் வட்டைக்குப் போயின. சாக்கு இருந்த மூலையில் கறுவல் ஒரு எலி வாலை மட்டும் மிச்சம் வைத்திருந்தான். அதைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது அன்னப்பூரணி வந்தாள். அவள் இடுப்பில் ஒரு மூடிப்பெட்டி. உள்ளே ஏதோ கத்தியது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு கா தோணி?" என்று கேட்டாள்.