தஞ்சாவூர் போகும்வரை

பலாலியிலிருந்து திருச்சிக்கு விமான ரிக்கற் எடுத்த கிழமைதான் அப்பாவுக்குத் தன் அண்ணன்மேல் பாசம் பிறந்தது. அதற்கு முன் பதினான்கு வருஷம் இரண்டு பேரும் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலியும் ஒரு பங்குக் கிணறும்தான். அந்தக் கிணற்றில் யார் எந்த நாள் இறைப்பது என்று தொடங்கிய வாய்த்தர்க்கம் பொலிஸ் வரைக்கும் போய், கடைசியில் பேச்சே இல்லாமல் முடிந்தது. உடுவிலில் எத்தனையோ கல்யாண வீடுகளில் இரண்டு பேரும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு, ஒருவரையொருவர் காணாத மாதிரி எழும்பிப் போயிருக்கிறார்கள். பிடிவாதத்தில் அண்ணனுக்குத் தம்பி சளைத்தவரில்லை.

தஞ்சாவூர்ப் பயணம் என்னுடைய யோசனை. நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவள். சோழரைப் பற்றி வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிக் கை உளைந்ததுதான் மிச்சம். அவர்கள் வைத்த ஒரு கல்லைக்கூட நேரே கண்டதில்லை. சுவிசில் இருக்கும் தம்பி கஜீவன் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பெண்சாதி பிள்ளைகளோடு வரப்போகிறான் என்றதும் நான் திட்டத்தைப் போட்டேன். திருச்சியில் இறங்கி வான் பிடித்துத் தஞ்சாவூர். மறுநாள் பெரிய கோயில். பிறகு அரண்மனை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். அப்பாவுக்குச் சரித்திரத்தில் ஒரு அக்கறையும் இல்லை. குடும்பம் முழுக்கப் பெரிய கோயிலில் நின்று ஓர் அருச்சனை செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

ரிக்கற் எடுத்து இரண்டு நாளில் அம்மா கிணற்றடியில் கேட்ட செய்தியோடு வந்தார்.

"மூத்தவருக்கு இருதயம் வீங்கிப் போச்சுதாம். கால் ரெண்டும் தண்ணி கோத்துக் கிடக்காம்."

அப்பா பேப்பரை மடித்தார். "ஆள் தப்பாதாமோ?"

"எனக்கென்ன தெரியும். அந்த மனுசன் கண்ணை மூடினால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. ஒரு கோயில் வாசலும் மிதிக்கேலாது. அதை யோசியுங்கோ."

"கோயிலுக்குள்ளை போகாட்டில் என்ன? மிச்ச இடங்களைப் பாக்கலாந்தானே," என்றேன். கட்டிக் கொடுத்த பெண் என்றபடியால் எனக்கு அந்தத் துடக்கு இல்லை. அதனால் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"பெரிய கோயிலுக்கு வெளியிலை நிண்டு படம் எடுக்கவோ அவ்வளவு தூரம் போறது?" என்றார் அப்பா. கஜீவனின் லீவை முன்னுக்குப் பின்னுக்கு மாற்றவும் வழியில்லை. இப்படித்தான் என்னுடைய பயணத் திட்டத்தில் பெரியப்பாவின் உயிரும் ஒரு அங்கமாகிப் போனது.

அடுத்த நாள் பின்னேரம் அப்பா ஒரு பால்மாப் பேணியும் நாலு தோடம்பழமும் வாங்கிக்கொண்டு வந்து, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுப் படலையைத் திறந்தார். உள்ளே போகத் துணிவில்லாமல் அங்கேயே நின்றார். பெரியப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் மூச்சு வாங்கியபடி கிடந்தார்.

"உள்ளுக்கு வா," என்றார் எங்களைக் கண்டு. "நாய் கடியாது."

பெரியம்மா பராசக்தி கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போய் அழுதார். பிள்ளை இல்லாத வீடு. பதினான்கு வருஷமாக அந்த விறாந்தையில் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் இருந்ததில்லை. எனக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது. மழை பற்றி, வெங்காய விலை பற்றி இரண்டு கிழவர்களும் கதைத்தார்கள். கிணற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா ஓட்டோ பிடித்துப் பெரியப்பாவைப் பெரிய டொக்டரிடம் கொண்டு போனார். நானும் போனேன். சோதித்துவிட்டு டொக்டர் எங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். இருதயம் மிகவும் பலவீனம், மருந்தில்தான் ஓடுகிறது, எந்த நேரமும் எதுவும் நடக்கலாம் என்றார்.

"அடுத்த மாசம் இருபத்தஞ்சு மட்டும் தாங்குமோ ஐயா?" என்று அப்பா கேட்டார்.

"ஏன், மகன் வெளிநாட்டிலை இருந்து வாறாரோ?"

"ஓம்," என்றார் அப்பா. சொன்னதில் பொய் இல்லை. எனக்குத்தான் அந்த இடத்திலேயே எழும்பி ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

ஆனால் நாள் போகப்போக எனக்கே ஒன்றும் பிடிபடவில்லை. மருந்து நேரத்துக்குப் போன அப்பா இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வருவார். அண்ணனுக்குச் சவரம் எடுத்துவிடுவார். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து கொழும்புத்துறைக் கடலில் மூழ்கப் பார்த்த கதையை அம்மாவிடம் வந்து சொல்லிச் சிரிப்பார். நான் தங்குமிடம் பற்றி, வான் பற்றி ஏதாவது கேட்டால், "நீ பாத்துச் செய் பிள்ளை," என்று தட்டிவிடுவார். நடிப்பு முற்றி உண்மையாகிவிட்டதோ, அல்லது அப்பா என்னையும் ஏமாற்றுகிறாரோ என்று தெரியாமல் நான் எரிச்சலோடு திரிந்தேன்.

பயணக் கதையையும் அப்பாவே பெரியப்பாவுக்குச் சொல்லிவிட்டார். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அந்தக் கோபுரம் எவ்வளவு உயரம் பிள்ளை?"

"இருநூறு அடிக்கும் மேலை பெரியப்பா. எங்கடை வீட்டுப் பனையளை ஒண்டுக்கு மேலை ஒண்டு வைச்சுப் பாருங்கோ."

"அம்மாடி," என்றார். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "போனிலை எனக்கும் காட்டு, என்ன?" என்றார்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தது கஜீவன்தான். அவனையும் குறை சொல்ல முடியாது. அப்பாவும் நானும் பெரியப்பாவோடு இருந்த நேரம் என்னுடைய போனுக்கு எடுத்தான். எல்லாரும் கேட்கட்டும் என்று நான் ஸ்பீக்கரில் போட்டேன். "அக்கா, பெரியப்பா நாங்கள் வெளிக்கிடும் மட்டும் தாங்குவாரோ? அப்பா பாக்கிற பார்வைக்கு இழுத்துப் பிடிப்பார் எண்டு அம்மா சொன்னவ. டவுட் எண்டால் இப்பவே சொல்லுங்கோ, கோயிலை விட்டிட்டு வேறை எங்கையும் போவம்."

நான் நிற்பாட்டுவதற்குள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டான். அப்பாவின் கையில் பெரியப்பாவின் மருந்துக் குளிசை இருந்தது. அதைக் கொடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

பெரியப்பாதான் கையை நீட்டி அதை வாங்கி வாயில் போட்டார். "தம்பி," என்றார் போனைப் பார்த்து, "ஒண்டையும் மாத்தாதை. நான் கிடப்பன்."

அப்பா அடுத்த மூன்று நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் சாப்பிடவும் இல்லை. நாலாம் நாள் போய்ப் பெரியப்பாவின் காலடியில் இருந்து, "நான் தஞ்சாவூருக்குப் போகேல்லை அண்ணை," என்றார்.

"நீ போகாட்டில் இனி இந்தப் படலையைத் திறவாதை," என்றார் பெரியப்பா. குரலில் பழைய பிடிவாதம். "பெத்த பிள்ளை ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வாறான். பேரப்பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போயிட்டு வா. எனக்காகவும் ஒரு அருச்சனை செய்."

அப்பா சரி என்றார். ஆனால் அன்று பின்னேரமே என்னிடம் வந்து நின்றார். "பிள்ளை, நீ நிப்பியோ? அண்ணையை அந்தரம் ஆபத்துக்கு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக ஆர் இருக்கினம்?" திட்டம் போட்டவள் நான். எந்தத் துடக்கும் தடுக்காதவளும் நான்தான். ஆத்திரத்தில் ஏதேதோ சொன்னேன். எல்லாம் சொல்லி முடித்த பிறகு நின்றுகொள்கிறேன் என்றும் சொன்னேன்.

கஜீவன் வந்தான். ஒரு சொக்கிளேற் பெட்டியோடு பெரியப்பாவைப் பார்க்கப் போய், அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு கதைத்துவிட்டு வந்தான். இரண்டு கிழமை கழித்து எல்லாரும் வெளிக்கிட்டார்கள். அவர்கள் போன வான் தெருவில் திரும்பிய பிறகு பெரியப்பா என்னையும் பெரியம்மாவையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அவங்கள் திரும்பி வாறதுக்கு முதல் எனக்கு ஏதும் ஆனால் தம்பிக்குச் சொல்லாதையுங்கோ. கேட்டு அறிஞ்ச பிறகுதான் துடக்கு. அறியாமல் கோயிலுக்குப் போனால் அதிலை பிழையில்லை. ஐயரிட்டைக் கேட்டனான்."

"விசர்க்கதை கதையாதையுங்கோ," என்றார் பெரியம்மா.

"கிடப்பன் எண்டு நான் கஜீவனிட்டைச் சொன்னனான்," என்றார் பெரியப்பா.

மறுநாள் காலை பெரியம்மா தேத்தண்ணீர் கொண்டு போய்த் தட்டியபோது அவர் எழும்பவில்லை. பெரியம்மா வேலியடியில் வந்து என்னைக் கூப்பிட்டார். அழவில்லை. "பிள்ளை, அவர் போயிட்டார். உன்ரை அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை," என்றார்.

அக்கம் பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். பெரியப்பாவைக் குளிப்பாட்டி வேட்டி உடுத்தி, வீட்டு மண்டபத்தில் கட்டிலில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கு வைத்தோம். கொள்ளி வைக்க உரிமையான தம்பியும் தம்பியின் மகனும் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அதனால் சாவகச்சேரியிலிருந்து பெரியம்மாவின் தங்கை மகன் கேதீஸ்வரனை வரச் சொன்னோம். நான் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, முகப்புத்தகத்தில் ஒன்றும் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். சாவைச் சொல்லித்தான் பழக்கம். மறைப்பதற்கு எவ்வளவு கதைக்க வேண்டியிருந்தது.

அந்த நேரம்தான் அப்பாவின் வீடியோ கோல் வந்தது. எடுக்காவிட்டால் சந்தேகப்படுவார். குசினிக்குள் போய் எடுத்தேன்.

அப்பா பட்டு வேட்டியோடு நின்றார். அவருக்குப் பின்னால் வெயிலில் அந்தக் கோபுரம். எத்தனை வருஷம் நான் படமாகவே காட்டிப் படிப்பித்த கோபுரம். எனக்கு அதைப் பார்க்கவே மனம் வரவில்லை.

"பிள்ளை, நாங்கள் உள்ளுக்குப் போகப் போறம். அதுக்கு முதல் அண்ணையிட்டைப் போனைக் கொண்டு போ. கோபுரத்தைக் காட்டுறன்."

"அவர் நித்திரை அப்பா."

"எழுப்பு. நான் எண்டு சொல்லு, கோவிக்க மாட்டார்."

பின்னால் வந்து நின்ற பெரியம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். கமராவைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். அங்கே அழுதுகொண்டிருந்த பெண்கள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். பெரியம்மா குனிந்து, போனைப் பெரியப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இருட்டாக் கிடக்கு," என்றது அப்பாவின் குரல்.

"கரண்ட் இல்லை அப்பா," என்றேன். "நீங்கள் சொல்லுங்கோ. அவருக்குக் கேக்கும்."

"அண்ணை, தெரியுதே? உச்சி தெரியுதே? பிள்ளை சொன்னதிலும் பாக்க உயரம். கழுத்து நோகுது பாக்க." அப்பா சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. பேரப்பிள்ளைகளை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்திருக்க வேண்டும். "அண்ணை, நான் முதல் உங்களிட்டை வந்தது இந்தப் பயணத்துக்காகத்தான். பிறகு அப்பிடி இல்லை. அதை உங்களுக்கு முகத்துக்கு நேரை சொல்ல எனக்கு வாய் வரேல்லை. என்னிலை கோவம் இல்லைத்தானே?"

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். பெரியம்மா பெரியப்பாவின் நெற்றியில் வழிந்த திருநீற்றை மற்றக் கையால் துடைத்துவிட்டார்.

"இல்லையாம்," என்றார்.

"அப்ப சரி அண்ணை. நாங்கள் உள்ளுக்குப் போறம்," என்றார் அப்பா.