கைநாட்டு ஒட்டாத மரம்

என் தங்கை சுதர்ஷினியின் கல்யாணப் பதிவுக்கு அப்பாதான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரோ, பதிவு நடக்கும் பதுளைக்கே வரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணம் கை நடுக்கம். தேத்தண்ணிக் கோப்பை வாய்க்கு வருவதற்குள் பாதி சட்டைக்குப் போய்விடும்.

"பேனா பிடிக்க முடியலன்னா மைப்பெட்டியத்தான் நீட்டுவாங்க. எங்கப்பன், பாட்டன் எல்லாம் தோட்டத்துல கைநாட்டு. எங்க வம்சத்துல கையெழுத்துப் போட்ட மொத ஆளு நானு. இந்த வயசுல கைநாட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன்" என்றார்.

அவர் வராவிட்டால் தாலி ஏறும் நேரத்திலும் சுதர்ஷினி அழுதுகொண்டுதான் இருப்பாள். எனக்கு அழுகை வராது, எரிச்சல்தான் வரும்.

அப்புத்தளையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு சின்னக் கடைசல் இயந்திரம் வைத்திருக்கிறேன். ரயிலில் வரும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் குங்குமச் சிமிழும் சாவி வளையமும் கடைந்து விற்பது என் பிழைப்பு. மரத்துண்டுகளுக்குப் பதுளை ஜௌபர் நானாவின் பழைய இரும்புக் கடைதான் கதி. அந்த மாதம் அவர் தந்தது ஒரு விசித்திரக் கட்டை. மூடிப்போன ஒரு தேயிலை பெக்டரியின் டர்பைனில், சுழலும் தண்டைத் தாங்கிக்கொண்டிருந்ததாம்.

"இதுக்கு எண்ணெயே விடத் தேவல்ல புள்ள. கட்டைக்குள்ளயே எண்ணெய் இருக்கு" என்றார் நானா.

கடைக்காரர் பேச்சு என்று சிரித்துவிட்டு வந்தேன். வீட்டில் வாளித் தண்ணீரில் போட்டால், மரம் கல்லாட்டம் அடியில் போய் உட்கார்ந்தது. மரம் அறுக்கும் வாளின் பல்லெல்லாம் மழுங்கிற்று. அறுத்த இடத்தில் ஊதுபத்தி வாசனை. ஜன்னலோரம் வைத்த அதன் மஞ்சள் நிறத் துண்டொன்று, நாளாக ஆகப் பச்சையாகிக்கொண்டு வந்தது. போனில் தேடினேன். லிக்னம் வைட்டே என்று பெயர், கடல் கடந்து வந்த மரம், உலகத்திலேயே கனமான மரங்களில் ஒன்று. இது என்ன மரமடா என்று சோறு தண்ணி மறந்து அதையே சுற்றி வந்தேன்.

அப்பாவும் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். அவர் கையில் அது இருந்தபோதுதான் கவனித்தேன், நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. பாரம் கையை அடக்கியிருக்க வேண்டும். வேறொரு மரத்துண்டைக் கொடுத்தேன், கை பழையபடி ஆடியது. திரும்பவும் இதைக் கொடுத்தேன், அடங்கியது. பேனா கடைய வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

உருளையாகக் கடைந்து, நடுவில் துளைபோட்டு, மைக்குழாயைச் செருகினேன். கல்யாணப் பேனா பளபளக்க வேண்டாமா? வார்னிஷ் அடித்தேன். அது காயவில்லை. அப்புத்தளையில் எது காயாவிட்டாலும் பழி பனிக்குத்தான். நானும் பனியைத் திட்டிவிட்டு, பேனாவைப் பதுளைக்குக் கொண்டுபோய் நானாவின் தகரக் கூரையில் வெயிலில் வைத்தேன். மண்டையைப் பிளக்கும் வெயில். சாயங்காலம் தொட்டால், பலாப்பழப் பிசினாட்டம் அப்படியே ஒட்டியது.

அந்தக் கோலத்திலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அப்பா ஆசையாக எடுத்துப் பிடித்தார். விரலைப் பிய்த்து எடுத்தவர் முகம் சிறுத்துப்போனது. வார்னிஷில் அவருடைய பெருவிரல் ரேகை கோடு கோடாகப் பதிந்திருந்தது.

"பாத்தியா, கடைசில நீயே எங்கிட்ட கைநாட்டு வாங்கிட்ட" என்றார்.

பேனாவைத் தூக்கி எறியத்தான் கை போனது. அப்போது நானா சொன்னது ஞாபகம் வந்தது. கட்டைக்குள்ளேயே எண்ணெய். பனியும் வெயிலும் என்ன செய்யும்? மரமே வார்னிஷைக் காயவிடாமல் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. பாவம், பனியைத்தான் வீணாகத் திட்டினேன்.

அத்தனை வார்னிஷையும் சுரண்டினேன். தின்னரால் துடைத்து, நைசான மணல்தாளால் தேய்த்து, மேலே ஒன்றும் பூசாமல், பழைய பருத்திச் சேலைத் துண்டால் மட்டும் அழுத்தித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மரம் தன் எண்ணெயிலேயே கரும்பச்சையாக மின்னியது. அதை அப்பாவின் கையில் வைத்தேன். பழைய தாளொன்றில் கிறுக்கிப் பார்த்தார். மறுநாள் காலையில் வேட்டியை இஸ்திரி போடச் சொன்னார்.

கல்யாணத்தன்று பதிவாளர் நல்ல மனிதர். அப்பாவின் கையைப் பார்த்துவிட்டு, மைப்பெட்டியை மெதுவாக நகர்த்தினார்.

"ஐயா, முடியாட்டி பெருவிரல் வச்சாலும் போதும்."

"நான் கையெழுத்துப் போடுவேங்க."

சுதர்ஷினி என் கையை நசுக்கிவிட்டாள். அப்பா பேனாவை எடுத்தார். எழுத்துகள் கொஞ்சம் கோணின, ஆனால் ஒன்றுமேல் ஒன்று விழவில்லை. பெயரில் மூன்று புள்ளி. பேனாவைத் தூக்கித் தூக்கி, மூன்றையும் அதனதன் தலையில் வைத்தார். கந்தப்பன்.

பிறகு பேனாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேகை எதுவும் பதிந்திருக்கவில்லை. அடுத்த சாட்சி கையை நீட்டிக்கொண்டு நிற்பதைக்கூடக் கவனிக்காமல், அதைத் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். பாரம் தாங்காமல் பை ஒருபக்கமாகத் தொங்கியது.