கடைசி எழுத்து எக்ஸ்

சரக்கு ரயிலின் பெட்டி ஒவ்வொன்றிலும் சில எழுத்துகள் இருக்கும். பெட்டி யாருடையது என்று அவை சொல்லும். மொன்ட்ரியால் யார்டில் அவற்றை இரவிச்சந்திரன் போல வேகமாகப் படிக்க ஆளில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

"கடைசி எழுத்து எக்ஸ் எண்டால் ரயில்வேயின்ரை இல்லை, ஆரோ தனியாற்றை," என்று தனக்குக் கீழே வேலை செய்யும் பிரணவனுக்குச் சொல்வார். "எங்கடை பாதையிலை ஓடும். நாங்கள் இழுப்பம், பிறேக் பாப்பம். ஆனால் எங்கடை ஆகாது."

சொல்லிவிட்டு, பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிப் பாதி குடித்து, மீதியை அவனிடம் நீட்டுவார். "நீ என்ரை பிள்ளை மாதிரி" என்பார். அதை நம்பியதுதான் பிரணவனின் மடத்தனம்.

அவருடைய மகள் சாம்பவியை அவன் விரும்பினான். அவளும்தான். ஞாயிறன்று பெண் கேட்க, வில்லரே பகுதியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனான். "அப்பா ஊர் கேப்பார், சொல்லுங்கோ, அவ்வளவுதான்," என்றிருந்தாள் சாம்பவி. இங்கே பிறந்தவள், அவளுக்கு அது சும்மா கேள்வி.

யார்டில் 'யாழ்ப்பாணம்' என்றதே போதுமாயிருந்தது. மகளைக் கொடுக்க அது போதாது.

"ஊரிலை எவடம், தம்பி?"

சொன்னான்.

"கோயிலுக்கு எந்தப் பக்கம்?"

பொய் சொல்லியிருக்கலாம். அதையும் உள்ளபடி சொன்னான்.

பெட்டியின் எழுத்தைப் படிக்கும் அதே முகத்தோடு இரவிச்சந்திரன் தலையாட்டினார். தட்டோடு வந்த மனைவி யோகராணி ஒரு பீங்கான் கோப்பையை மட்டும் உள்ளே கொண்டுபோய், கடுதாசிக் கோப்பையோடு திரும்பினாள். இந்த வீட்டுக் கோப்பையில் அவன் வாய் படக்கூடாது. நாய் வாலை நிமிர்த்த மொன்ட்ரியால் குளிராலும் முடியவில்லை.

"யோசிச்சுச் சொல்லுறம்," என்றார் இரவிச்சந்திரன்.

திங்கள் காலை பனி கொட்டியது. அவர் மூடியில் ஊற்றித் தான் மட்டும் குடித்தார். பிறகு பையிலிருந்து கடுதாசிக் கோப்பைக் கட்டொன்றை எடுத்து, ஒன்றை உருவி, நிரப்பி, அவன் கையில் கொடுக்காமல் ரயில் பெட்டியின் படியில் வைத்தார்.

"குடி தம்பி, ஆறப்போகுது."

மேலாளர் அவர். வேலை வேண்டும். பிரணவன் குடித்தான்.

மத்தியானம் சாம்பவி போனில் அழைத்தாள். "அப்பா கோவமோ?"

"தேத்தண்ணி தந்தவர். கடுதாசிக் கோப்பையிலை."

"ஓம், நேற்று நான்தான் மூலைக்கடை டெப்பனரிலை வாங்கிக் குடுத்தனான்," என்று அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். "பெரிய கட்டாய் வாங்கச் சொன்னவர், பிரணவனுக்கு எண்டு. உங்களிலை விருப்பம் இல்லாட்டி அப்பிடிச் சொல்லுவாரோ?"