இடிந்த சாவடி மேடு

திருமழிசைக்கு அப்பால், கூவத்துக் கரையில் ஓடலாம் என்று புஷ்பாவை இழுத்துக்கொண்டு வந்தவள் ரோஸிதான். ஆவடி குவார்ட்டர்ஸில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. ரோஸி பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவள். புஷ்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரமே, "மாத்திரைய மட்டும் நம்பிக்கினு உக்காராத, என்கூட வா" என்று ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டாள். அதிலிருந்து சனிக்கிழமை காலை என்றால் அந்தக் கரைதான்.

கரை சமதரையாக இருக்காது. எப்போதோ சூளைக்காகத் தோண்டிக் கொட்டிய செம்மண் குன்று குன்றாகக் கிடக்கும். பாதை அவற்றின்மேல் ஏறி இறங்கிப் போகும். ஏற்றத்தில் மூச்சு முட்டினால் புஷ்பா ஒரு தந்திரம் செய்வாள். "அக்கா, அந்தக் கல்லு எந்தக் காலத்துது?" என்று கேட்பாள். உடனே ரோஸி நின்றுவிடுவாள். பூந்தமல்லியில் வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியது, மாட்டு வண்டிகள் இந்த ஆற்றை எங்கே கடந்தன என்பதெல்லாம் வரிசையாக வரும். அவள் சொல்லி முடிப்பதற்குள் புஷ்பாவுக்கு மூச்சு சீராகிவிடும்.

அன்றும் மூன்றாவது மேட்டில் கால் துவண்டது. முள்செடிகளுக்கு நடுவே இடிந்த செங்கல் சுவர் ஒன்று தெரிந்தது.

"அது என்னக்கா?"

"அதுவா? சாவடி. வண்டிக்காரங்க ராத்தங்கிப் போன இடம். செங்கல்லப் பாரேன், எவ்ளோ மெல்லிசா கீது!" என்றபடி ரோஸி புதருக்குள் கால் வைத்தாள்.

குக்கர் சீறுவது போல ஒரு சத்தம். ரோஸி பின்னால் சாய்ந்து விழுந்தாள். கல்லிடுக்கில் தடித்த உடல் ஒன்று, சங்கிலி சங்கிலியாய்ப் புள்ளி போட்டது, நெளிந்து மறைந்தது.

"கண்ணாடிவிரியன்" என்றாள் ரோஸி. கணுக்காலில் இரண்டு இடத்தில் ரத்தம் கசிந்தது.

புஷ்பா அவளை அக்குளில் கைகொடுத்து வெட்டவெளிக்கு இழுத்து வந்தாள். ரோஸியின் போனில் ஆம்புலன்சை அழைத்தார்கள். வண்டி மண்பாதையில் வராது, எப்படியாவது தார் ரோட்டுக்கு வந்துவிடுங்கள் என்றார்கள். ஸ்கூட்டர் நின்றதும் அந்த ரோட்டில்தான்; புஷ்பாவுக்கு ஓட்டத் தெரியாது.

"நான் நடக்கக் கூடாதுடி. நடந்தா விஷம் சீக்கிரம் ஏறிடும்." ரோஸி காலை அசைக்காமல் நீட்டி வைத்துக்கொண்டாள். "நீ ஓடு. யாரையாவது கூட்டிட்டு வா."

"உங்கள இங்க தனியா விட்டுட்டா?"

"ஓடு புஷ்பா!"

புஷ்பா ஓடினாள். நிற்பதற்கு இப்போது எந்தச் சாக்கும் இல்லை. நான் கேட்காமல் இருந்திருந்தால், நான் கேட்காமல் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு அடிக்கும் மனசு அடித்துக்கொண்டது. இறக்கத்தில் சறுக்கி விழுந்து முழங்கை கிழிந்தது. எழுந்து மறுபடி ஓடினாள்.

ஆற்றோரம் ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். அவன் அவளுடைய ரத்தம் வழியும் கையைப் பார்த்தான். "போலீசு கேசுன்னு அலைய முடியாதுக்கா" என்று பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அந்தப் புகைக்குள் நின்று புஷ்பா வாய்விட்டு அலறினாள்.

அந்த அலறல் கேட்டுத்தான் துலுக்கானம் வந்தார். கீழே மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர்.

"இன்னாம்மா ஆச்சு?"

"பாம்பு, அண்ணே. எங்க அக்கா… சாவடி மேட்டுல…"

அவர் அரிவாளைக் கீழே போட்டார். டி.வி.எஸ். வண்டியின் பின்னாலிருந்த புல்கட்டை உருட்டித் தள்ளினார். "ஏறி குந்து."

திரும்பிப் போனபோது ரோஸியின் ஈறுகளில் ரத்தம். மடியெல்லாம் வாந்தி. கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. அவளை நடுவில் உட்காரவைத்து, பின்னால் புஷ்பா தொற்றிக்கொண்டு இடுப்பை இறுக்கினாள். ஏற்றத்தில் வண்டி திணறியது. புஷ்பா குதித்து இறங்கி, ஒரு கையால் ரோஸியின் முதுகைத் தாங்கி மறு கையால் தள்ளினாள்.

"கண்ண மூடாம பாத்துக்கோம்மா! பேசிக்கினே வா!" என்று கத்தினார் துலுக்கானம்.

என்ன பேசுவது? "அக்கா, அக்கா" என்பதைத் தவிர புஷ்பாவுக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் ரோஸியின் ரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து வைத்தார்கள். நேரமாகியும் அது உறையாமல் தண்ணீராகவே ஆடியது. விஷமுறிவு மருந்து பாட்டில் பாட்டிலாக ஏறியது. சாயங்காலம் சிறுநீர் நின்றுபோக, சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். டயாலிசிஸ் தொடங்கியது.

ரோஸியின் கணவர் அமல்ராஜ் வார்டு வாசலில் தரையிலேயே கிடந்தார். கையில் ஜெபமாலை இருந்தது, உருட்டவில்லை. புஷ்பாவை அவர் குறை சொல்லவே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "ஊட்டுக்குப் போய்ச் சாப்ட்டுட்டு வாம்மா" என்பார். அவள் போகமாட்டாள். அவள் கணவன் ரவிச்சந்திரன் வந்து கூப்பிட்டும் போகவில்லை. டயாலிசிஸ் நடக்கும்போதெல்லாம் கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே ஊதிப்போன முகம். அது ரோஸியுடையது என்று நம்புவதற்கே கஷ்டமாக இருந்தது. டாக்டரிடம் கேட்டால், "பார்ப்போம்" என்பார்.

நாட்கள் அப்படியே போயின. இனி தேறாது என்று ஆயாக்கள்கூட அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கடக்கத் தொடங்கியபோது, ஒரு காலையில் கார்த்திகா என்ற நர்ஸ் வேகமாக வெளியே வந்தாள்.

"சார், யூரின் வந்துடுச்சு! கொஞ்சந்தான். ஆனா தானா வந்துருக்கு."

அமல்ராஜுக்கு முதலில் புரியவில்லை. புஷ்பாவுக்குப் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தவள், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.