கசிப்புமலையின் லோயரம்மா

கருங்கல்மலைத் தேயிலைத் தோட்டத்துக்கு இரண்டு பெயர். ஒன்று தோட்டத்து வாசல் பலகையில் எழுதியிருப்பது. மற்றது பஸ் கொண்டக்டர்கள் வைத்தது. கண்டியிலிருந்து பன்வில பக்கம் ஏறுகிற பஸ் அந்தச் சந்தியில் நின்றதும், "கசிப்புமலை ஆட்கள் இறங்குங்கள்" என்று சிங்களத்தில் ஒரு சத்தம் வரும். பஸ்ஸே சிரிக்கும். தோட்டத்து ஆட்களில் பாதிப்பேர் தாங்களும் சேர்ந்து இளித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். வீரம்மா அந்த ரகம் இல்லை. மிதிபலகையில் நின்றபடியே, உன் ஊரில் எல்லாரும் இளநீர்தான் குடிக்கிறார்களா என்று கொண்டக்டரை நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தரையில் கால் வைப்பாள்.

கெட்ட பெயர் சும்மா வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆற்றோரத்தில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சினார்கள். சம்பள நாளில் லயத்து வரிசை வீடுகளில் சண்டை இல்லாமல் பொழுது போகாது. ஒருமுறை வெட்டுக்குத்து நடந்து டீவியில் வந்தது. ஆனால் அதே லயத்தில் பிறந்து, படித்து, டவுனில் கணக்குப் படிப்பிக்கிற டீச்சர்மாரும் இருக்கிறார்கள். அவர்களைக் காட்ட எந்த டீவிக்காரனும் மலை ஏறி வரவில்லை.

வீரம்மாவின் புருசன் ஒரு சொட்டு தொட்டவனில்லை. மழைக்காலத்தில் மரம் முறிந்து தலையில் விழுந்து செத்தான். ஆஸ்பத்திரியில் உடம்பை இறக்கும்போது, "கசிப்புமலையா? போட்டுவிட்டு மரத்தடியில் படுத்திருப்பான்" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றைக்கு அவளுக்குச் சிங்களம் புரியுமே தவிர, பேச வராது. வாயடைத்து நின்றாள். அந்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

இப்போது அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கண்டி டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், துப்புரவு கம்பெனி ஆளாக வார்டுகளில் தரை துடைக்கிறாள். வேலை தரை துடைப்பதுதான். ஆனால் சிங்களம் தெரியாத தோட்டத்து ஆள் ஒருவர் ட்ரொலியில் வந்தால் போதும், "வீரம்மா!" என்று நர்ஸ் மிஸ்மார் கூப்பிடுவார்கள். வாளியை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் டொக்டருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பாள். நோயாளி சொல்வதைச் சிங்களத்தில் சொல்வாள், டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வாள். அந்த நேரத்துக்கு அவள் துப்புரவுக்காரி இல்லை. அது அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது முகத்திலேயே தெரியும்.

ஒரு பழக்கம் மட்டும் அவளிடம் உண்டு. தரையைத் துடைப்பது போலவே பேச்சையும் துடைத்துத்தான் கொடுப்பாள். டொக்டர் எரிந்து விழுந்தால் அதைப் பக்குவமாக்கிச் சொல்வாள். நோயாளி கெட்ட வார்த்தையில் கத்தினால் "ரொம்ப வலிக்குதாம் சேர்" என்பாள். யாருக்கும் அதனால் கெடுதல் வந்ததில்லை. எல்லாருக்கும் நல்லதுதான் செய்கிறோம் என்று அவள் நினைத்திருந்தாள்.

கூட வேலை செய்கிற றம்லத், அலவத்துகொடக்காரி. வாய் சும்மா இராது. அன்று காலையிலும் சேலைன் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டே தொடங்கினாள்.

"என்ன லோயரம்மா, நேத்து ஒங்கட கசிப்புமலையில சம்பளமாமே? இன்னக்கி எத்தின தல ஒடஞ்சி வரப்போகுதோ!"

"ஒன் வாயில மண்ணு விழ. எங்க தோட்டத்துல மனுசன் இல்லையா? போன மாசம் ரத்தம் குடுக்க வந்தவங்கள்ல பாதி எங்க பயலுகதான். அத ஏன்டி பேச மாட்டேங்குற?"

"சரி சரி, கோவப்படாத புள்ள. கேஸ் ஒனக்குத்தான் வெற்றி."

பக்கத்தில் நின்ற மிஸ்ஸுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் 'கசிப்புமலை' புரிந்தது. அவளும் சிரித்தாள். இன்றைக்கு ஒருத்தனும் அங்கிருந்து வந்துவிடக் கூடாது சாமி என்று வீரம்மா மனதுக்குள் வேண்டிக்கொண்டு மொப்பை எடுத்தாள்.

தேத்தண்ணி நேரம் முடிவதற்குள் லோஜினியைக் கொண்டுவந்தார்கள்.

லோஜினி மேமலை லயத்து சதீஸின் பொஞ்சாதி. கல்யாணமாகி வந்து இன்னும் இரண்டு தீபாவளி பார்க்காதவள். இடது கை வீங்கித் தொங்கியது. நெற்றியில் கீறல். சதீஸ் வாசலோடு நின்றுவிட்டான். அவன் சட்டையிலிருந்து வந்த வாடை வார்டு வரைக்கும் வந்தது. "எந்தத் தோட்டம்?" என்று மிஸ் கேட்டாள். பதில் கிடைத்ததும் றம்லத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அது போதாதா? வீரம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

"வீரம்மா, என்ன நடந்தது என்று கேள்" என்றார் டொக்டர். சின்ன வயது. இரவெல்லாம் விழித்த கண். பின்னால் இன்னும் நாலு ட்ரொலி காத்திருந்தது.

வீரம்மா குனிந்தாள். லோஜினி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வார்டு முழுக்கத் தெரியாத பேச்சுக்கு நடுவில் தன் தோட்டத்து முகம் ஒன்றைக் கண்டுவிட்ட நிம்மதி அந்தப் பெண்ணின் கண்ணில் அப்படியே தெரிந்தது.

"அவரு மிதிச்சுட்டாருக்கா. கீழ தள்ளி, வயித்துலயே மிதிச்சாரு. இந்தா, இந்தப் பக்கம். உள்ளுக்குள்ள என்னமோ மாதிரி இருக்குக்கா. டொக்டர்ட்ட சொல்லுங்க."

சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வீரம்மா நிமிர்ந்தாள். எதிரே மிஸ் கையைக் கட்டிக்கொண்டு, வரப்போகிற பதில் தெரிந்தவள் மாதிரி நின்றாள். உதட்டில் சிரிப்பு தயாராக இருந்தது. புருசனின் உடம்பை இறக்கிய அன்று கேட்ட குரல் வீரம்மாவின் காதில் திரும்பவும் கேட்டது. இவளுக்கு நான் ஏன் தீனி போட வேண்டும்? கை உடைந்திருக்கிறது, அதற்கு மருந்து கட்டினால் சரியாகிவிடும். விழுந்து உடைந்தாலும் அதே கைதானே?

"படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம் சேர். கை அடியில் மாட்டிக்கொண்டதாம்" என்றாள் சிங்களத்தில்.

டொக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். லோஜினி முனகினாள். "வயிற்றில் அடிபட்டதா? யாராவது அடித்தார்களா? நன்றாகக் கேள்."

லோஜினியைக் கேட்காமலே வீரம்மாவிடமிருந்து பதில் வந்தது. ஒரு பொய் சொன்னவளுக்கு அடுத்தது எவ்வளவு சுலபமாக வருகிறது! "இல்லை சேர். அது மாதவிடாய் வலியாம்."

டொக்டர் தலையாட்டினார். கைக்கு எக்ஸ்ரே எழுதினார், வலிக்கு மாத்திரை எழுதினார், அடுத்த ட்ரொலிக்குப் போனார். மிஸ்ஸின் உதட்டுச் சிரிப்பு வேலையில்லாமல் மறைந்தது. வீரம்மாவுக்கு அது ஒரு வெற்றியாகவே பட்டது.

"சொல்லிட்டீங்களாக்கா?" என்று கேட்டாள் லோஜினி.

"சொல்லிட்டேன்டி. பேசாம படு."

வெளியே போய்ச் சதீஸைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். "நீயெல்லாம் மனுசனாடா? ஒன்னாலதான்டா நம்ம தோட்டத்தையே காறித் துப்புறானுங்க. அவளா வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். இனிமேலாவது ஒழுங்கா இரு." அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். புத்தி சொல்லிவிட்ட திருப்தியோடு அவள் வேலைக்குத் திரும்பினாள்.

மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது றம்லத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமான கிண்டல் முகத்தில் இல்லை.

"வீரம்மா, அந்தப் புள்ள காலையில வேற என்னமோ செல்லிச்சே. மிதிச்சாருன்னு எனக்குக் கேட்டிச்சி. நீ உழுந்ததுன்னு செல்லிட்டாய்."

"ஒனக்கு என்னமோ தப்பாக் கேட்டுருக்கு."

"எனக்குத் தமிழ் தெரியாதா புள்ள? எனக்கும் ஒரு மகள் ஈக்கிறா. போய் அதுட மூஞ்சப் பாரு. வெளிறிப் போய் ஈக்கிது."

கையில் பிசைந்த சோற்றோடு வீரம்மா எழுந்து ஓடினாள். லோஜினியின் உதடு காகிதமாக இருந்தது. நெற்றி சில்லிட்டு வியர்த்திருந்தது. வயிறு ஊதியிருந்தது. "டொக்டர் ஒன்னும் செய்யலியேக்கா" என்றாள் மெல்லிய குரலில். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை அது. தெரியாமல் கேட்கிற கேள்விதான்.

வீரம்மா டொக்டரைத் தேடி வார்டு வார்டாக ஓடினாள். அவரைக் கண்டதும் மூச்சு வாங்கச் சொன்னாள், "சேர், வயிற்றில் மிதித்தானாம். இப்போதுதான் சொல்கிறாள்." இப்போதுதான்! உயிர் போகிற நேரத்திலும் தன் தலைக்கு ஒரு குடை பிடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே இரத்தம் கசிந்து நிறைந்திருந்தது. தியேட்டருக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். சாயந்தரம் டொக்டர் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். "காலையிலேயே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்" என்று பொதுவாகச் சொன்னார். அவளைப் பார்த்து அவர் சொல்லவில்லை. பார்த்துச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் பிரேத அறைக்கு முன்னால் பொலிஸ் ஜீப் நின்றது. தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர் பொன்னையா வீரம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். வெள்ளைச் சாரமும், தோளில் துண்டும், துக்க வீட்டுக்கு ஏற்ற தாழ்ந்த குரலும்.

"நடந்தது நடந்துபோச்சு தாயி. போன உசுரு வரப்போறதில்ல. காலையில அந்தப் புள்ளையே வழுக்கி விழுந்ததாத்தான் சொன்னுச்சாமே? சதீஸ் சொன்னான். அதையே சார்ஜன்ட்டுகிட்டயும் சொல்லிரு. பொறகு சொன்னது வலியில ஒளறுனதுன்னு போயிரும். இல்லாட்டி நாளைக்கு டீவிக்காரன் வந்து நிப்பான். கொமரிப் புள்ளைகள வெளிய கட்டிக் குடுக்க முடியாது. நீ எப்பவும் தோட்டத்த விட்டுக்குடுக்காதவளாச்சே."

அத்தனையும் அவள் பேச்சுதான். பஸ்ஸிலும் வார்டிலும் இத்தனை காலம் அவள் பேசியதைத்தான் அவர் திருப்பிக் கொடுத்தார். வீரம்மா அவரை விட்டு நகர்ந்தாள்.

சார்ஜன்ட் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரியாது. "இந்த அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்" என்று வீரம்மாவைக் காட்டினார். மறுபடியும் வீரம்மா நடுவில் போய் நின்றாள். ஒரு பக்கம் சதீஸ். குளித்து, திருநீறு பூசி, கண் சிவக்க நின்றான். மறுபக்கம் லோஜினியின் அம்மா ராக்கம்மா. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விடியற்காலையிலேயே வந்தவள். அழுது முடித்துத் தொண்டை கட்டியிருந்தது.

"வழுக்கித்தான் சார் விழுந்தா. அவளே காலையில டொக்டர்ட்ட சொல்லியிருக்கா. இந்தா, இந்த அக்காதான் சிங்களத்துல சொன்னாங்க. கேட்டுப் பாருங்க" என்றான் சதீஸ். வீரம்மாவை நேராகப் பார்த்தான். தான் காப்பாற்றி வைத்தவன் தன்னையே சாட்சிக்கு இழுக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

அவன் சொன்னதை அவள் அப்படியே சிங்களத்தில் சொன்னாள். சார்ஜன்ட் பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "சரியா? நேற்றுக் காலையில் அந்தப் பெண் உன்னிடம் என்ன சொன்னாள்?"

ஆம் என்றால் போதும். வேலை நிற்கும், தோட்டத்துப் பெயர் நிற்கும், பொன்னையா தலையில் வைத்துக் கொண்டாடுவார். இல்லை என்றால் இந்த வாசலுக்குள் இனிமேல் மொப்போடுகூட வர முடியாது. கம்பெனி அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடும், தோட்டத்தில் ஒருவரும் முகம் கொடுக்கமாட்டார்கள். வீரம்மாவுக்கு அதெல்லாம் தெரிந்துதான் இருந்தது.

அதற்குள் ராக்கம்மா அவள் கையைப் பிடித்தாள். மகள் பிடித்த அதே இறுக்கம்.

"கடைசியா எம்புள்ள ஒங்ககிட்டதான் பேசியிருக்கு. என்னம்மா சொன்னா? மறைக்காம சொல்லுங்க."

"வயித்துல மிதிச்சாருன்னு சொன்னா" என்றாள் வீரம்மா. "டொக்டர்ட்ட சொல்லுங்கன்னு சொன்னா. நான்தான் சொல்லல. விழுந்துட்டான்னு மாத்திச் சொல்லிட்டேன்."

பொன்னையா பின்னால் செருமினார். சதீஸ் ஒரு அடி பின்வாங்கினான். ராக்கம்மா வீரம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன்?"

"நம்ம தோட்டத்துப் பேரு கெட்டுருமேன்னு..."

"எம்புள்ளையும் அந்தத் தோட்டத்துக்குத்தானே வாக்கப்பட்டு வந்தா" என்றாள் ராக்கம்மா. கையை விடவில்லை. "அவ உங்க தோட்டம் இல்லையா? ஒங்கள நம்பித்தானேம்மா வாயத் தொறந்து சொன்னா."

அழக்கூட அந்த இடத்தில் தனக்கு உரிமை இல்லை என்று வீரம்மாவுக்குப் பட்டது.

"என்ன பேசிக்கொள்கிறீர்கள்? முழுவதையும் சிங்களத்தில் சொல்" என்று சார்ஜன்ட் அதட்டினார். வீரம்மா அவர் பக்கம் திரும்பினாள். லோஜினி சொன்னதைச் சொன்னாள், தான் மாற்றியதைச் சொன்னாள். சார்ஜன்ட் எழுதி முடித்து, அந்தத் தாய் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். அதையும் அவள் ஒரு சொல் துடைக்காமல் சொன்னாள்.